குழந்தையின் பதில்

என் பேத்தி நன்றாகத் தூங்குவாள். எங்களுக்கு வந்த தொல்லை அவ்வளவும் அதிலிருந்துதான் வந்தது.

அவளுக்கு ஆறு வயது. வாய் ஓயாமல் பேசுவதால் குருவி என்று கூப்பிடுவோம். அவளுடைய அம்மா, அதாவது என் மகள், ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். இயந்திரத்திலிருந்து ஈரமாக வந்து விழும் படுக்கை விரிப்புகளை இரண்டு பேராக நின்று உதறி, சூடான உருளைக்குள் விட்டு, மறுபக்கம் வாங்கி மடித்து அடுக்க வேண்டும். மதியம் ஒரு மணிக்குப் போனால் இரவு பத்தேகாலுக்குத்தான் வீடு திரும்புவாள். குருவியின் அப்பன் விஷயம் வேண்டாம். இருந்த காலத்திலும் அவன் இல்லாதவன்தான்.

ஒரே அறை வீடு எங்களுடையது. மூன்று மாடி ஏற வேண்டும். குருவி மூன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருவாள், எதையாவது தின்பாள், நான்கு மணிக்குப் படுத்தால் ஆறு வரை அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள். அப்புறம் விளையாட்டு, வீட்டுப்பாடம், என்னோடு சண்டை. பத்தேகாலுக்கு அம்மா வந்து கை கால் கழுவிவிட்டுப் படுக்கையில் சாய்வாள். குருவி ஒட்டிப் படுத்து, அம்மாவின் காது மடலை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, அன்றைய நாளை ஒப்பிக்கத் தொடங்குவாள். யார் பென்சிலை யார் கடித்தது, எந்தப் பையன் வகுப்பில் வாந்தி எடுத்தான், டீச்சரின் செருப்பு எந்தப் பக்கம் பிய்ந்திருந்தது, எல்லாம் வரும். அரை மணி நேரம் போகும். திடீரென்று ஒரு வாக்கியம் பாதியில் நிற்கும். பார்த்தால் தூங்கியிருப்பாள். மறுநாள் இரவு அந்த வாக்கியத்தின் மீதிப் பாதியிலிருந்து தொடங்குவாள். காலையில் ஏழேகால் வரை பக்கத்தில் பாத்திரம் விழுந்தாலும் அசைய மாட்டாள். பள்ளிக்கூடம் தெருவுக்கு அந்தப் பக்கம், எட்டரைக்குத்தான் மணி அடிப்பார்கள்.

காலையில் தலை பின்னிவிடுவதற்கே நேரம் சரியாக இருக்கும். வாரத்தில் ஒரு நாள் விடுப்பு உண்டு. அன்றைக்குப் பாதி நாள் என் மகள் கால் வீங்கிப் படுத்திருப்பாள். ஆக, தாயும் பிள்ளையும் பேசிக்கொள்வதற்கென்று இருந்தது அந்த அரை மணி நேரம்தான்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். மகள் வேலைக்குப் போய்விட்டதால் நான் போனேன். குழந்தைகள் உறக்க நலத் துறை என்று ஒன்று புதிதாகத் தொடங்கியிருக்கிறார்களாம். எல்லோருக்கும் உறக்கக் குறிப்பேடு கொடுத்தார்கள். அட்டையில் நிலா சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒரே கட்டம் கட்டமாக இருந்தது. தலைமை ஆசிரியை ஒவ்வொருவரையும் எதிரில் உட்கார வைத்து, பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குகிறது என்று கேட்டு எழுதினார். எனக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் வரிசையாக எட்டு, எட்டு, எட்டு என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். எனக்குப் பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. பிள்ளை தூங்குவதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். பத்தே முக்கால் என்றேன்.

ஆசிரியையின் பேனா நின்றது. சாயங்காலமும் இரண்டு மணி நேரம் தூங்குகிறாள், மொத்தம் பத்தரை மணி நேரம் ஆகிறது என்று விளக்கினேன்.

"அது பகல் உறக்கம். அதுக்குக் கட்டம் இல்லை" என்றார்.

குருவியின் பெயரைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் விழுந்தது. துறையின் அலுவலகத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போய், உறங்குகிறாள் என்று சான்று வாங்கி வர வேண்டும். வருடக் கடைசிக்குள் சான்று வராவிட்டால் இரண்டாம் வகுப்புப் பட்டியலில் அவள் பெயர் ஏறாது.

இதை மகளிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "தூங்கறதுக்கு என்னப்பா சான்று? போய்க் காமிச்சுட்டு வாங்க. அவளுக்கா தூங்கத் தெரியாது" என்றாள்.

துறையின் அலுவலகம் பத்து மணிக்குத் திறக்கிறது. ஆனால் ஒரு நாளைக்கு முப்பது டோக்கன்தான். டோக்கன் ஆறு மணிக்குக் கொடுப்பார்கள். ஆறு மணி டோக்கனுக்கு நாலு மணிக்கே வரிசை நிற்கும். பிள்ளையும் நேரில் நிற்க வேண்டும். பிள்ளை இல்லாமல் போனால் டோக்கன் கிடையாது. குருவியை மூன்றரைக்கு எழுப்பினேன். அவளாக எழவில்லை, நான் உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பினேன். பிறந்ததிலிருந்து அவளை அப்படி யாரும் எழுப்பியதில்லை. என்னை யாரோ மாதிரி பார்த்தாள்.

அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'உறங்கும் குழந்தையை ஒருபோதும் எழுப்பாதீர்.' அதன் கீழே ஐம்பது பிள்ளைகள் எழுப்பப்பட்டு நின்று அழுதுகொண்டிருந்தன. பியூன் ஒருவர் கையில் தடியோடு வரிசையில் நடந்து, யாராவது பிள்ளை அம்மா தோளில் சாய்ந்தால் சுவரைத் தட்டினார். வரிசையில் தூங்கினால் சோதனையில் தூக்கம் வராது, அப்புறம் துறைக்குக் கெட்ட பெயர் என்றார். அவர் பேச்சில் கோபம் இல்லை. நல்ல மனுஷன்தான்.

எங்களுக்கு இருபதாவது டோக்கன். பதினொன்றரைக்கு உள்ளே விட்டார்கள். பன்னிரண்டு இரும்புக் கட்டில்கள், வெள்ளை விரிப்பு, கறுப்புத் திரை. சுவர்க் கடிகாரத்தில் எட்டு மணி. கடிகாரம் நின்றுவிட்டது என்று பியூனிடம் சொன்னேன், உதவியாக இருக்கட்டுமே என்று. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிள்ளைகள் எட்டு மணிக்கு உறங்குகிறார்களா என்றுதான் சோதிக்க வேண்டும், அலுவலக நேரமோ பத்திலிருந்து ஐந்து. அதனால் பேட்டரியைக் கழற்றி முள்ளை எட்டில் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். இந்த அறையில் எப்போதும் எட்டு மணிதான் என்றார்.

பன்னிரண்டு பிள்ளைகளையும் படுக்க வைத்தார்கள். பெரியவர்கள் எல்லாம் சுவர் ஓரம் நின்றோம். குருவி தலையணையில் தலை வைத்தாள், அவ்வளவுதான். வாய் லேசாகத் திறந்தது, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது, எச்சில் ஒழுகியது. மூன்றரைக்கு எழுந்த பிள்ளை வேறு என்ன செய்யும்? மற்ற பதினொரு பிள்ளைகளும் பயத்தில் விறைத்துக் கிடந்தன. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. பந்தயத்தில் நம் வீட்டுக் குதிரை முந்துவது மாதிரி.

உறக்க அலுவலர் வந்தார். ஒல்லியானவர், கண் சிவந்திருந்தது. கையில் படிவம். முதல் கட்டில் அருகே குனிந்து, "தூங்கிட்டியா?" என்று கேட்டார்.

"தூங்கிட்டேன் சார்" என்றது அந்தப் பையன்.

டிக் போட்டார். அடுத்த கட்டில். தூங்கிட்டியா, தூங்கிட்டேன். டிக். அடுத்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். குருவியின் கட்டிலுக்கு வந்தார். தூங்கிட்டியா என்று கேட்டார். பதில் இல்லை. விதிப்படி மூன்று முறை கேட்டார். பிறகு காதருகே சின்ன மணி ஒன்றை அடித்தார். குருவி மூக்கைச் சுருக்கிவிட்டு அந்தப் பக்கம் புரண்டு படுத்தாள். அலுவலர் படிவத்தில் 'குழந்தையின் பதில்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, பெருக்கல் குறி போட்டார்.

நான் கிட்டே போய், பிள்ளை தூங்குகிறாளே, கண்ணால் பார்க்கிறீர்களே என்றேன்.

"தூங்குதுன்னு நீங்க சொல்றீங்க பெரியவரே. பிள்ளை சொல்லலையே."

"தூங்கற பிள்ளை எப்படி சார் சொல்லும்?"

அவர் என் தோளில் கை வைத்து ஓரமாகக் கூட்டிப்போனார். எரிந்து விழவில்லை, பொறுமையாகத்தான் பேசினார்.

"இந்தப் படிவம் உங்களையும் என்னையும் விடப் பெரிய படிப்பு படிச்சவங்க போட்டது. முன்னாடி பெத்தவங்க சொல்றதை எழுதினோம். அத்தனை பேரும் பொய் சொன்னாங்க. அதனாலதான் பிள்ளைகிட்டயே கேட்டு எழுதணும்னு வெச்சாங்க. பிள்ளைங்க பொய் சொல்லாது, பாருங்க."

"மத்த பிள்ளைங்க தூங்கவே இல்லையே சார். முழிச்சுட்டுதானே பதில் சொல்லுதுங்க?"

"முழிச்சிருக்குன்னு அதுங்க சொல்லுச்சா?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணை மூடிப் பேச்சு மூச்சில்லாம கிடக்கிற பிள்ளை மயக்கமாக்கூட இருக்கலாம். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கையெழுத்துப் போட்டவன் நான். உங்களுக்கென்ன, வீட்டுக்குப் போயிடுவீங்க. நானே ரெண்டு வருஷமா மாத்திரை போட்டுத்தான் தூங்கறேன்."

குருவியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். மாடிப்படி முழுக்கத் தூங்கிக்கொண்டே வந்தாள். அவள் கையில் கட்டியிருந்த சீட்டில் 'ஒத்துழைக்காத குழந்தை' என்று எழுதியிருந்தது.

தவறியவர்களுக்குப் பயிற்சி வகுப்பு. ஆறு வாரம், தினமும் நான்கிலிருந்து ஆறு மணி வரை. குருவி தூங்கும் நேரம் அதுதான் என்று சொல்லிப் பார்த்தேன். உறக்கப் பயிற்சிக்கு இடையூறாக உறங்கக் கூடாது என்று பதில் வந்தது.

பயிற்சி கொடுத்தது ஒரு சின்ன வயதுப் பெண். சிரித்த முகம். பிள்ளைகள் நேராக மல்லாந்து படுக்க வேண்டும், கை இரண்டும் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது, எச்சில் கூடாது. கண் மூடியிருக்க வேண்டும், ஆனால் இமை ஆடக் கூடாது. அதற்குத்தான் அதிகப் பயிற்சி. தூங்கிட்டியா என்று கேட்டதும் மனதுக்குள் ஒன்று எண்ணி, தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும். உடனே சொன்னால் முழித்திருப்பது போல இருக்குமாம். சிரித்தால் முதலிலிருந்து.

முதல் வாரம் குருவி படுத்த உடனே தூங்கிப்போனாள். பயிற்சிப் பெண் அவளை எழுப்பி எழுப்பித் தூங்கச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டாவது வாரம் கொட்டாவியோடு விழித்திருக்கப் பழகினாள். மூன்றாவது வாரம் நான்கு மணிக்குத் தூக்கம் வருவதே நின்றுவிட்டது. நல்ல முன்னேற்றம் என்று குறிப்பேட்டில் நட்சத்திரம் ஒட்டினார்கள்.

காதைப் பிடித்துக்கொள்ளும் விஷயமும் வெளியே வந்தது. குருவியே சொல்லியிருக்கிறாள், அவளுக்குத்தான் எதையும் மறைக்கத் தெரியாதே. அதைச் சார்புப் பழக்கம் என்றார்கள். உறங்கும் குழந்தைக்கு வேறு ஒருவரின் உறுப்பு தேவைப்படக் கூடாதாம். மாற்றாகத் துறையே துணியில் தைத்த காது ஒன்று கொடுத்தது. விண்ணப்பம் எழுதி, இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். வலது காது இருப்பு இல்லை, இடது காதுதான் கிடைத்தது.

மகளுக்கு அப்போதுதான் சிரிப்பு நின்றது. வேலைக்கூடத்து மேற்பார்வையாளரிடம் போய்க் காலை முறைக்கு மாற்றக் கேட்டாள். மூன்று வருடம் கழித்துப் பார்க்கலாம் என்றார் அவர். துறையிடம், வெளுப்புக் கூடத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள் என்று நான் கேட்டேன். தாய்மார்களின் வேலை நேரம் வேறு துறை என்றார்கள்.

பயிற்சி முடிந்ததும் வீட்டுச் சோதனை. எட்டு மணிச் சோதனைக்கு நாலேகாலுக்கு ஒருவர் வந்தார். ஐந்துக்குள் அவர் அலுவலகம் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிடச் சொன்னார். குழந்தையின் தனி உறக்க அறை எங்கே என்று கேட்டார். நான் அறையைக் காட்டினேன். பெரியவர்களின் அறை எங்கே என்று கேட்டார். நான் மறுபடியும் அதையே காட்டினேன்.

அவர் பையிலிருந்து சாக்கட்டி எடுத்தார். இதுவும் வழக்கம்தான் போலிருக்கிறது, கை தயங்கவில்லை. தரையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஒரு கோடு இழுத்தார். ஜன்னல் பக்கம் குழந்தையின் அறை. எட்டு மணிக்கு மேல் கோட்டைத் தாண்டினாலும், கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து பேச்சுக் கொடுத்தாலும், அது உறக்கக் குறுக்கீடு. மூன்று குறுக்கீடு ஆனால் சான்று ரத்து.

"இவ அம்மா பத்தேகாலுக்குத்தான் வருவா சார். அப்ப மட்டுந்தான் பிள்ளையைப் பார்ப்பா."

"தாராளமா பார்க்கட்டும். பார்க்க வேணாம்னு யார் சொன்னா? எழுப்பாம, பேசாம, தொடாம பார்க்கலாம். விதியில பார்க்கறதுக்குத் தடையே இல்லை."

பிறகு குருவியைக் கேட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கம் விறைப்பாகப் படுத்திருந்தவள், மனதுக்குள் ஒன்று எண்ணிவிட்டு, தூங்கிட்டேன் சார் என்றாள். அந்தச் சமயம் தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் டிக் போட்டுவிட்டு, பிரமாதம், இவ்வளவு ஆழமாக உறங்கும் பிள்ளையை இந்த வட்டாரத்திலேயே பார்த்ததில்லை என்றார். சான்றை உறக்க வார விழா மேடையில் துறை இயக்குநர் கையாலேயே வாங்க ஏற்பாடு செய்வதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று இரவு மகள் வந்து கோட்டைப் பார்த்தாள். துடைத்துவிட்டு மறுபடி வரைந்துவிடலாமா என்று நான்தான் கேட்டேன். அவள் வேண்டாம் என்றாள். இன்னும் ஒரு மாதம்தானே, பட்டியலில் பெயர் ஏறிவிடட்டும் என்றாள். குருவி விழித்துத்தான் இருந்தாள். சாயங்காலத் தூக்கம் போனதோடு இரவுத் தூக்கமும் கலைந்துபோயிருந்தது. பதினொன்று, பன்னிரண்டு ஆகும் அவள் மூச்சு மாற. ஆனால் பேசவில்லை. சோதனைக்காரர் திரும்பி வந்து கதவுக்கு வெளியே நிற்பார் என்று அவளுக்குப் பயம். அந்தப் பயத்தை நானும்தான் வளர்த்தேன். சும்மா இருக்கும்போதெல்லாம் தூங்கிட்டியா, தூங்கிட்டியா என்று கேட்டுக் கேட்டுப் பதில் சொல்லப் பழக்கினேன். பெயர் ஏற வேண்டுமே.

ஆரோக்கிய உறக்க வார நிறைவு விழாவைப் பெரிய மண்டபம் ஒன்றில் வைத்தார்கள். சான்று பெறும் முப்பது பிள்ளைகளையும் மேடையில் கட்டில் போட்டு உறங்க வைத்துக் காட்டுவதாகத் திட்டம். அதற்குக் கட்டில் விரிப்பு, திரை, மேசைத்துணி என்று முந்நூறு வெள்ளைத் துணிகளை வெளுக்கக் கொடுத்தது துறை. எந்தக் கூடத்துக்கு என்று கேட்க வேண்டாம். ஒரு வாரம் என் மகளுக்குக் கூடுதல் நேர வேலை, பதினொன்றுக்கு மேல்தான் வந்தாள். விழா அன்றும் விடுப்பு இல்லை. பிள்ளை படுக்கப்போகும் விரிப்பை இஸ்திரி போட்டதால் அவளால் பிள்ளையைப் பார்க்க வர முடியவில்லை.

நான்கு மணி விழாவுக்கு இயக்குநர் எட்டே முக்காலுக்கு வந்தார். பிள்ளைகள் நான்கிலிருந்தே மேடையில் படுத்திருந்தன. இடையில் மூத்திரத்துக்குப் போன இரண்டு பிள்ளைகளுக்குச் சான்று நிறுத்தி வைக்கப்பட்டது.

இயக்குநர் கனத்த ஆள், நல்ல குரல். ஒரு மணி நேரம் பேசினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அதிகாரிகள் ஒவ்வொருவராகத் தலையைத் தொங்கவிட்டார்கள். உறக்க அலுவலர் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டிருந்தார். பாவம், அன்று மாத்திரை கொண்டுவரவில்லை போலும்.

"பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் உறங்க வேண்டும் என்று நாங்கள் இரவு பகல் உறங்காமல் உழைக்கிறோம்" என்றார் இயக்குநர். "என் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் வேலைக்குக் கிளம்பும்போது என் மகன் உறங்கிக்கொண்டிருப்பான். திரும்பும்போதும் உறங்கிக்கொண்டிருப்பான். அவனை விழித்த நிலையில் பார்த்து மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் கடைத்தெருவில் ஒரு பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். யாருடைய பிள்ளை என்று உதவியாளரைக் கேட்டேன். உங்கள் மகன்தான் ஐயா என்றார். அந்த அளவுக்கு ஆரோக்கியமாக வளர்ந்திருக்கிறான். இதைவிட ஒரு தகப்பனுக்கு என்ன பெருமை வேண்டும்?"

கைதட்டினார்கள். முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்களும் தூக்கத்திலேயே தட்டினார்கள்.

பிறகு ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு குருவியின் கட்டிலுக்கு வந்து குனிந்தார். தூங்கிட்டியா பாப்பா என்று அவர் கேட்டது மண்டபம் முழுக்க எதிரொலித்தது. மூன்றாவது வரிசையில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். குருவி ஒன்று எண்ணினாள். தூங்கிட்டேன் ஐயா என்றாள். கணீரென்று கேட்டது. கண்ணாடித்தாள் ஒட்டிய சான்றை அவள் நெஞ்சின் மேல் வைத்தார்கள். அசையாமல் கிடந்தாள். படம் எடுத்தார்கள்.

வீட்டுக்கு வரும்போது பத்தரை ஆகிவிட்டது. இனிமேல் பட்டியலில் பெயர் வந்துவிடும், பயம் இல்லை, நீ எப்போதும் போல இருக்கலாம் என்று மாடிப்படியில் அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். உள்ளே போனதும் கோட்டைத் தாண்டி, ஜன்னல் பக்கம் மல்லாந்து படுத்து, கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். துணிக் காதை மட்டும் ஒரு கையில் பிடித்திருந்தாள்.

பதினொன்றேகாலுக்கு மகள் வந்தாள். சான்றை விளக்கருகே பிடித்து இரண்டு தடவை படித்தாள். முகம் கழுவினாள். ஈரத்துணியை எடுத்து வந்து மண்டியிட்டு, தரையில் இருந்த கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்தித் துடைத்தாள். பிறகு குருவியின் பக்கத்தில் ஒட்டிப் படுத்து, தன் காதை அவள் கைக்கு எட்டும்படி சாய்த்துக்கொண்டாள். போர்வைக்கு வெளியே குருவியின் கால் விரல்கள் அசைவதை நான் பார்த்தேன். என் மகளும் பார்த்தாள்.

"குருவி, பென்சில் கதையைப் பாதியில விட்டுட்டியே, என்ன ஆச்சுன்னு சொல்லு" என்றாள்.

குருவி மல்லாந்தபடியே கிடந்தாள்.

"தூங்கிட்டியாடி?"

"தூங்கிட்டேன்" என்றாள் குருவி. இமை ஆடவில்லை.